காப்பகத்து விலங்குகளுக்கு ஊரார் கைகொடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

விடிந்ததும் காப்பகத்தின் கேட்டைத் திறந்தால் பல நாட்களில் முதலில் கண்ணில் படுவது ஒரு அட்டைப்பெட்டிதான். மேலே ஒரு பழைய துண்டு, உள்ளே நான்கைந்து நாய்க்குட்டிகள். சில நாள் பூனைக்குட்டிகள். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். வைத்துவிட்டுப் போனவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இங்கே கொண்டுவந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் வைத்திருக்கிறார். ஆனால் தாய்ப்பால் மறக்காத, தடுப்பூசி போடாத குட்டிக்குக் காப்பகத்தைவிட ஆபத்தான இடம் வேறில்லை. நோயுற்ற விலங்குகள் தினமும் வந்துபோகும் இடம் அது. குட்டிகளுக்கு ரத்த பேதி உண்டாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெட்டியில் வந்த ஐந்தில் பத்து நாள் கழித்து ஒன்றுகூட மிஞ்சாததை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு காப்பகத்துக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டது இதுதான்: காப்பகம் விடுதி அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே வரும் விலங்குகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், வந்தவை சீக்கிரம் ஒரு வீட்டுக்கோ தன் தெருவுக்கோ போய்ச் சேர வேண்டும். ஊரார் செய்யும் எந்த உதவியும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பயன்பட்டால்தான் அது விலங்குக்குப் போய்ச் சேரும். எப்படிச் செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: போய்ப் பாருங்கள், கேளுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு போன் செய்து, பார்வையாளர் நேரம் கேட்டுக்கொண்டு ஒருமுறை நேரில் போங்கள். சென்னையில் என்றால் கிண்டி, வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் காப்பகம் பலருக்கும் தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தெரியும். இவை தவிரப் புறநகரில் சிறிய காப்பகங்கள் பல இருக்கின்றன. பெரிய பெயர் இல்லாத அந்த இடங்களில்தான் ஆள்பலம் மிகக் குறைவு.

போனதும் சிலவற்றைக் கவனியுங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா? நோயுற்றவையும் புதிதாக வந்தவையும் தனியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா? பெரிய நாய்களுக்கெல்லாம் கருத்தடை ஆகியிருக்கிறதா? வரவு, சிகிச்சை, இறப்பு எல்லாம் ஏட்டில் எழுதப்படுகிறதா? அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு இருக்கிறதா? சொறிபிடித்த நாய்களைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். காப்பகம் என்றால் அவை இருக்கத்தான் செய்யும். இறப்புக் கணக்கை மறைக்காமல் காட்டும் காப்பகத்தை நான் அதிகம் நம்புவேன்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த வாரம் உங்களுக்கு எது தட்டுப்பாடு?" சில வாரம் குருணை என்பார்கள், சில வாரம் சிரிஞ்சு, சில வாரம் வண்டி.

படி 2: முதலில் உங்கள் கைக்கு ஊசி

விலங்குகளைத் தொட்டு வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள், அதிலிருந்து 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. டெட்டனஸ் ஊசியும் காலாவதியாகாமல் இருக்கட்டும். முன்தடுப்பு போட்டவர்களைப் பின்னால் ஏதாவது கடித்தால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் ஊசி தேவைப்படாது. அதற்காக, கடித்தால் ஊசியே வேண்டாம் என்று இருந்துவிடக்கூடாது.

கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவுங்கள், ஏனென்றால் நாம் ஐந்து நிமிடம் என்று நினைப்பது உண்மையில் ஒரு நிமிடமாகத்தான் இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

காப்பகத்துக்கென்று தனியாக ஒரு செருப்பும் உடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் குட்டி இருந்தால் பார்வோ உங்கள் செருப்போடுதான் வீட்டுக்கு வரும்.

படி 3: என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது

பொருள் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

காப்பகத்துச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் குருணை அரிசியும் கோழியும் சேர்த்துப் பெரிய அண்டாவில் வேகவைத்த சோறு. உப்பு, காரம் கிடையாது. அதனால் ஒரு மூட்டைக் குருணை, வாரம் சில கிலோ கோழி, தயிர், முட்டை ஆகியவை நேரடியாகப் பயன்படும். எரிவாயு சிலிண்டருக்கு யாரும் பணம் தருவதில்லை. அடுப்பு எரிய வேண்டுமே, அதையும் கேட்டுப் பாருங்கள்.

கல்யாண வீட்டு மிச்ச பிரியாணியைக் கொண்டுவருபவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். எண்ணெயும் மசாலாவும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். நூறு நாய்க்கு ஒரே நேரத்தில் வயிறு கெட்டால் மறுநாள் அந்தக் கூண்டுகளைக் கழுவப்போவது இரண்டே பணியாளர்கள். கிரீம் பிஸ்கட், சாக்லெட், திராட்சை எதுவும் வேண்டாம்.

துணிமணியில் பழைய வேட்டி, பருத்திப் புடவை, துண்டு, போர்வை நன்றாகப் பயன்படும். சாக்குப்பை படுக்கைக்கு மிக நல்லது. பஞ்சு மெத்தையும் தலையணையும் கொடுக்காதீர்கள். ஒரே இரவில் கிழித்துவிடும், பஞ்சை விழுங்கிய குட்டிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பழைய செய்தித்தாள் எவ்வளவு கொடுத்தாலும் போதாது. குட்டிகள் இருக்கும் கூண்டில் ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தாள் மாற்ற வேண்டும்.

மருந்துப் பக்கம் பஞ்சு, காஸ் துணி, பிளாஸ்திரி, சிரிஞ்சு, கையுறை, பீட்டாடைன், ட்ரிப்ஸ் பாட்டில் எல்லாம் தினமும் தீர்ந்துபோகும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொடுப்பதானால் அட்டை பிரிக்காமல், காலாவதித் தேதி தெரியும்படி, மருத்துவர் கையில் கொடுங்கள். பினாயிலை லிட்டர் கணக்கில் வாங்கிக் கொடுப்பதைவிட பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கொடுங்கள். பினாயிலுக்குப் பார்வோ சாகாது, பூனைகளுக்கு அது கெடுதலும்கூட.

படி 4: பணம்

காப்பகத்தின் பெருஞ்செலவு சாப்பாடு மட்டுமல்ல. கூண்டு கழுவுபவர், நாய் பிடிப்பவர், இரவுக் காவலர், மருத்துவர் ஆகியோரின் சம்பளமும் பெருஞ்செலவுதான். பிறந்தநாளுக்கு ஒருமுறை பத்தாயிரம் கொடுப்பதைவிட மாதாமாதம் ஐந்நூறு வருவது அவர்களுக்கு நிம்மதி. அடுத்த மாதச் சம்பளத்தை நம்பிச் சொல்ல முடியும்.

80ஜி பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடையில் பாதிக்கு, உரிய வரம்புக்குள், விலக்கு கிடைக்கும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, எனவே வங்கி வழியாகவே அனுப்புங்கள். கம்பெனியில் வேலை செய்பவர்கள் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கம்பெனிச் சட்டம் 2013 அனுமதிக்கும் பட்டியலில் விலங்கு நலமும் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ரத்தம் வழியும் நாயின் படத்தோடு ஒரு ஜிபே எண் வந்தால் உடனே அனுப்பாதீர்கள். எந்த மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு, மருத்துவமனையின் கணக்குக்கே கட்டுங்கள்.

படி 5: நேரம் கொடுப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பகத்தில் முப்பது பேர் நிற்பார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நாய்களுக்கோ ஏழு நாளும் ஒன்றுதான். வாரத்தில் ஒரு வேலைநாள், இரண்டு மணி நேரம், தவறாமல் வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கென்று ஒரு வேலை ஒதுக்கலாம்.

ஆரம்பத்தில் கிடைப்பது கழுவும் வேலைதான். தட்டு, தொட்டி, தரை. அதைச் செய்துகொண்டே இருங்கள். எந்த நாய் சாப்பாட்டுத் தட்டருகே உறுமும், எது கையைக் கண்டால் ஒடுங்கும் என்பது கழுவும்போதுதான் தெரியும். பிறகு நடைக்குக் கூட்டிப்போவது, உண்ணி பொறுக்குவது, குளிப்பாட்டுவது. பயந்த நாயின் கூண்டுக்குள் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அதை நேராகப் பார்க்காமல் அரைமணி நேரம் எதையாவது வாய்விட்டுப் படிப்பதும் ஒரு வேலை. மூன்றாவது நான்காவது வாரத்தில் தானாக வந்து முழங்கையை முகரும். மனிதர்களுக்குப் பழகிய நாய்க்குத்தான் வீடு கிடைக்கும் என்பதால், இந்த வேலையை விளையாட்டாக நினைக்க வேண்டாம்.

விலங்கைத் தொடவே பயமா? கணக்கு எழுதலாம். தத்தெடுப்புக்குப் படம் எடுக்கலாம். கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுக்காமல் வெளிச்சத்தில், நாயின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுங்கள். கார் வைத்திருப்பவர் ஆம்புலன்ஸ் கிடைக்காத நேரத்தில் ஒரு நாயை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகலாம். பிளம்பர், வெல்டர், எலக்ட்ரீஷியன் ஒருவர் மாதம் அரைநாள் கொடுத்தால் காப்பகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும்.

படி 6: ஃபாஸ்டர், அதாவது சில வாரம் வீட்டில் வைத்து வளர்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முதலில் சொன்ன அட்டைப்பெட்டிக் குட்டிகளைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை. தடுப்பூசி வேலை செய்யும்வரை அவை காப்பகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு தனி அறை, அல்லது கதவு சாத்தக்கூடிய ஒரு பால்கனி போதும். உங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி சரியாக இருக்க வேண்டும்.

கண் திறக்காத குட்டி என்றால் முதல் எதிரி குளிர். சென்னையில் குளிரா என்று கேட்காதீர்கள். டைல்ஸ் தரையும் ஃபேனும் போதும். முதல் வாரங்களில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். உடல் சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள், செரிக்காது. முதலில் சூடு, பிறகு பால்.

பசும்பால் ஒத்துக்கொள்ளாது. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதுபோல் இரு மடங்குக்கு மேல். நாம் பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு ஊட்டமும் போதாது, வயிற்றாலும் போகும். கால்நடை மருந்துக் கடைகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே, பூனைக்குட்டிகளுக்கென்றே தனித்தனிப் பால்பவுடர் கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்தான். நம் குழந்தைக்குப் போல மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் வயிறு கீழே இருக்க, தலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து ஊட்டுங்கள். ஒவ்வொரு முறை ஊட்டியதும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடும் வேலை அது. அது இல்லாமல் மிகச் சிறிய குட்டிகளால் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது.

சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை ஏறாத நாளே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டிய நாள். நான்கு வாரத்தில் பிசைந்த உணவு தொடங்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்த பேதி, சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பார்வோ குட்டியை ஒரே இரவில் வற்ற வைத்துவிடும்.

குட்டி போன பிறகு அறையைக் கழுவி, கடையில் விற்கும் சாதாரண பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். குட்டியை அனுப்பிய அன்று அழுகை வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது. அடுத்த பெட்டிக்கு அந்த அறை வேண்டுமே என்றுதான் அனுப்புகிறேன்.

படி 7: தத்தெடுப்பு

பெட்டியில் வரும் குட்டிகளில் பெட்டைகளே அதிகம். கடுவன் குட்டியை யாராவது எடுத்துக்கொள்வார்கள், பெட்டை வீதிக்கு வரும். தத்தெடுக்க வருபவரும் முதலில் கேட்பது "கடுவன் இருக்கா?" என்றுதான். கருத்தடை செய்துவிட்டால் வீட்டில் வளர்ப்பதற்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டையைக் கேளுங்கள். வளர்ந்த நாயையும் கேளுங்கள். அதன் அளவும் குணமும் ஏற்கெனவே தெரிந்தவை.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை முன்கூட்டியே வாங்குங்கள். பூனை என்றால் பால்கனிக்கு வலை அடித்துவிட்டுக் கூட்டி வாருங்கள். வந்த புதிதில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தால் விட்டுவிடுங்கள். உறவினரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவது அடுத்த மாதம் இருக்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் காப்பகத்திடம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள், தெருவில் விட்டுவிடாதீர்கள். வளர்த்த விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான், அந்தத் தொகை இன்றுவரை உயரவில்லை என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று.

படி 8: உங்கள் தெருவிலேயே கருத்தடை

காப்பகத்துக்கு வரும் கூட்டம் குறைய இது ஒன்றே வழி. பெட்டை நாய் ஆறேழு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரே ஒரு நாய்க்கு இந்த வருடம் கருத்தடை செய்தால் அடுத்த வருடம் ஒன்றிரண்டு பெட்டிகள் காப்பக வாசலுக்கு வராது.

இந்த வழிக்குச் சென்னையில் நீண்ட கதை இருக்கிறது. விமானி கேப்டன் வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959இல் புளூ கிராஸைத் தொடங்கினார்கள். நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறையை அந்த அமைப்பு 1964இலேயே ஆரம்பித்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல்தான், முப்பத்திரண்டு வருடம் கழித்து. 2001இல் நாடு முழுவதற்கும் விதிகள் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெருவில் எத்தனை நாய் என்று எண்ணி, ஆண் பெண் பிரித்து, படம் எடுத்து ஒரு பட்டியல் போடுங்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். மீதியிருப்பவற்றுக்குச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அல்லது காப்பகத்திடம் நாள் கேளுங்கள். பிடிக்க வரும் நாளில் வழக்கமாகச் சோறு போடுபவர் உடன் இருக்க வேண்டும், அவர் கூப்பிட்டால் நாய் வரும், வலை வீச்சில் யாருக்கும் அடிபடாது. அறுவை முடிந்து அதே தெருவில்தான் விட வேண்டும். வேறெங்கோ விட்டால் காலியான இடத்துக்குக் கருத்தடை ஆகாத புது நாய் வந்து சேரும்.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தந்த உத்தரவும், வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை ஊசியும் கருத்தடையும் முடித்து அதே இடத்தில் விடச் சொல்கிறது. உணவு வைப்பதற்கென்று இடம் ஒதுக்கவும் சொல்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7இல் தனி உத்தரவு வந்தது. ஆக, காப்பகங்களின் சுமை கூடப்போகிறதே தவிரக் குறையப்போவதில்லை. உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேசி, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் நுழைவாயிலுக்கும் மாடிப்படிக்கும் தள்ளி ஒரு மூலையை உணவுக்கென்று முடிவு செய்யுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். நாய் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள். கருத்தடைப் பட்டியலைக் காட்டினால் அவரும் பெரும்பாலும் இறங்கி வருவார்.

படி 9: அடிபட்ட விலங்கைப் பார்த்தால்

தூக்கிக்கொண்டு ஓடுவதற்குமுன் காப்பகத்துக்குப் போன் செய்து, படமும் இருப்பிடமும் அனுப்புங்கள். இடம் இல்லாத காப்பகத்தில் இறக்கிவிட்டுப் போவது உதவி ஆகாது. அவர்கள் சொன்னால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கே கொண்டு போகலாம்.

வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும். துப்பட்டாவால் வாயை மூக்குக்கு மேல் ஒரு சுற்று, கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின் ஒரு கட்டு என்று தளரக் கட்டி, போர்வையை ஸ்ட்ரெச்சர் போலப் பிடித்துத் தூக்குங்கள். மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்ட வேண்டாம். புழு வைத்த புண்ணில் பெட்ரோல், பினாயில், டர்பன்டைன் ஊற்றாதீர்கள், சதை வெந்துவிடும். பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பூனையை அரை மாத்திரை கொன்றுவிடும். காரணமில்லாமல் எல்லாவற்றையும் கடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக, நடை தடுமாறும் நாயை நெருங்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுப் போன் மட்டும் செய்யுங்கள்.

கிளி, குரங்கு, பாம்பு, ஆந்தை இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் வருபவை. வீட்டில் வைத்துக்கொள்ளாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

படி 10: மழையும் தீபாவளியும்

தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடிய வீட்டு நாய்கள் நிறைய வரும். உங்கள் நாயின் கழுத்துப்பட்டையில் போன் எண்ணை எழுதி வையுங்கள், மாலை ஆறு மணிக்குமுன் நடையை முடித்துவிடுங்கள். காப்பகத்தில் அன்று இரவு நடமாடும் ஒரு தெரிந்த முகம் இருந்தால் கூண்டுகள் அமைதியாக இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

வேளச்சேரி போன்ற தாழ்வான பகுதிகள் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் எப்படி மூழ்கின என்று நாம் பார்த்தோம். ஐப்பசி பிறப்பதற்குள் உங்கள் காப்பகத்தில் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். யார் வீட்டில் எத்தனை பூனை ஏற்க முடியும், யார் மாடியில் எத்தனை நாய், யாரிடம் கூண்டும் வேனும் இருக்கிறது, பிளைவுட் பலகையும் தார்ப்பாயும் எங்கே கிடைக்கும் என்று. கீழ்த்தளத்தில் இருக்கும் அரிசி மூட்டைகளை மேலே ஏற்ற நான்கு பேர் வேண்டும். பின்னங்கால் விளங்காத நாய்களால் தண்ணீரில் எழுந்து நிற்க முடியாது, அவற்றைத்தான் முதலில் தூக்க வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரையும் எண்ணையும் புரட்டாசியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.